பறிக்கயிற்றுப் புண்

இதை எழுதுகிற கை என்னுடையது இல்லை. ஒல்லாந்துக்காரர் கோட்டை வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஐயாவின் கை. நான் சொல்லச் சொல்ல அவர் ஓலையில் கீறுகிறார். என் பேச்சை அப்படியே எழுதினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்களாம். அதனால் தன்னுடைய தமிழில் திருத்தி எழுதுகிறார். பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கூலி, ஒரு நாளைக்கு நான்கு நண்டு. யார் மேல் மனு என்று கேட்டார். என் மேல்தான் என்றேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். நண்டு பெரிய நண்டு, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஜனத்துக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கடலோரக் குப்பத்துக்காரர்களுக்கு இரண்டும் உண்டு. நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் ஏரிச் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் இருக்கும்போது பிடித்ததை எதில் போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் பின்னிய பை, விளிம்பில் ஒரு நார்க்கயிறு. அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டால் பறி மோவாய்க்குக் கீழே தொங்கும். கை இறாலை எடுக்கும், பறியில் போடும், மறுபடி தடவப் போகும். விடிந்ததும் கடித்தால் வெயில் ஏறுகிறவரை வாய் திறக்க முடியாது. எங்கள் பெண்கள் தண்ணீருக்குள் சண்டை போடுவதில்லை என்று குப்பத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். கரையேறியதும் சேர்த்து வைத்துப் போட்டுக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் ஒரு சின்னப் பறி பின்னிக் கொடுப்போம். பழகாத வாய் என்பதால் கயிறு உரசிக் கடைவாயிலும் ஈறிலும் புண் வரும். பறிப்புண் என்று சொல்வோம். ஏரித் தண்ணீரிலேயே வாய் கொப்பளித்தால் பத்து நாளில் ஆறிவிடும். எனக்கு வந்தது, என்னைப் பெற்றவளுக்கு வந்தது. பறிப்புண்ணுக்கு மருந்து தேடுகிறவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கோட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் தோண்டுகிறவர். தோண்டுகிறவன் என்றுதான் நான் சொன்னேன், ஐயா மரியாதை சேர்த்துவிட்டார். செத்துப்போன மனிதருக்கு இப்போதாவது மரியாதை கிடைக்கட்டும். ஆரம்பாக்கம் பக்கத்துத் திட்டுகளுக்குப் போனால் நான்கைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார். சாதுவான மனிதர். நான் அப்படி இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போகும். எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண். அவளை நான் அடிக்கும்போதெல்லாம் அவர் நடுவில் வந்து நிற்பார். "உன் கையால ஒரு நாளு இந்தப் புள்ளைக்கு இன்னாவது ஆவப்போவுது, பாரு" என்று ஒருமுறை சொன்னார். அது என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. பிறகு நடந்த எல்லாவற்றிலும் அந்த முள் இருக்கிறது.

அவளுக்கு ஐந்து வயதான வருஷம் மழை ஏமாற்றியது. முகத்துவாரத்தை மணல் மூடி, கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை. கடல் வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. ஏரி சுருங்கி, ஓரமெல்லாம் உப்பு பூத்தது. இறால் கொடுத்து நெல் வாங்கக் காட்டூருக்குப் போனால் அங்கே வயல் வெடித்துக் கிடந்தது. உமரிக்கீரையை அவித்து, கோரைக்கிழங்கைச் சுட்டுத் தின்றோம். பெரியவர்கள் நாங்கள் தாக்குப்பிடித்தோம். பிள்ளைகளின் கையும் காலும் குச்சியாயின.

அந்த நேரத்தில்தான் மணல்வாரி அம்மை வந்தது. எங்கள் குடிசைகளில் ஒரு பிள்ளையையும் அது விடவில்லை. என் மகளுக்கும் உடம்பெல்லாம் சிவந்து, கண் ஒட்டிக்கொண்டது. வாசலில் வேப்பிலை சொருகினேன். வேப்பிலை இருந்தால் ஆத்தா வீட்டுக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள், தூரப் பயணம் போய் வந்தவன் சொந்தப் புருஷனாக இருந்தாலும் வாசலுக்கு வெளியேதான். உப்பில்லை, மீனில்லை, வெறும் கூழ். அந்தக் கூழும் தண்ணீராகத்தான் இருந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்பியபோது என் மகள் பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வேப்பிலையை எடுத்து ஏரியில் விட்டேன்.

பிழைத்தவளை நான் வீட்டில் விட்டுவைக்கவில்லை. ஒரு சின்னப் பறியைக் கொடுத்து முழங்கால் தண்ணீரில் நிறுத்தினேன். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். ஆனால் வயிறு இரண்டு, தடவுகிற கை ஒரு ஜோடி என்று கணக்குப் போட்டேன். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக் கடித்துக்கொண்டாள். நாலைந்து நாளில் வாய் வலிக்கிறது என்றாள். ஈறு சிவந்து ஒரு இடத்தில் வெள்ளையாக இருந்தது. பறிப்புண் என்றேன். தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே கொப்பளித்தாள். எச்சில் ஒழுகத் தொடங்கியது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பறி கடிக்கிறவளுக்கு எச்சில் ஒழுகாமல் இருக்குமா?

நாற்றமும் இருந்தது. அதை நான் எப்படித் தவறவிட்டேன் என்று ஐயா கேட்கிறார். ஐயா, எங்கள் குடிசைக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். காய்கிற பொடி இறால், நேற்றைய இறால் தலை, ஈரப் பறி, ஏரிச் சேறு. எங்கள் தலைமுடியே நாறும். அந்த வீட்டில் ஒரு குழந்தையின் வாய் மட்டும் தனியாக நாறினால் எந்த மூக்குக்குத் தெரியும்?

கோட்டைக் குசினிக்காரிக்குத் தெரிந்தது. அவள் துரைமார்களுக்குச் சமைக்கிறவள், அவளிடம் பரங்கிப் பாஷையும் உண்டு நம் பாஷையும் உண்டு. பின்வாசலில் தினமும் என்னிடம்தான் இறால் வாங்குவாள். என் இறால் துடிக்கத் துடிக்க வரும் என்பதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை. அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பறியை அவள் முன்னால் வைத்தேன். மகள் என் இடுப்பை ஒட்டி நின்றாள். குசினிக்காரி குனிந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாமே, செத்த இறாவ கொண்டாந்துகீற?"

"இப்பதான் புடிச்சேன். துடிக்குது பாரு."

"துடிக்குது. ஆனா நாறுது. எடுத்துனு போ. இத்த மேசைல வெச்சா என்னிய வெரட்டிடுவாங்க."

சுற்றி நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏரிக்கரைக்கு வந்ததும் என் பறியை முகர்ந்தேன், நல்ல வாசனைதான். மகளின் பறியை முகர்ந்தேன், அதன் கயிற்றில் குமட்டுகிற நாற்றம். பிடிபட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"செத்தத போட்டியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"இல்லம்மா. வாய் வலிக்குதும்மா."

அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது நாற்றம் என் முகத்தில் அடித்தது. அழுகிய இறாலைப் பசியில் பச்சையாகத் தின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். தின்றிருந்தால்கூட என்ன? பசித்த பிள்ளை தின்றது என்று வயிறு எரிய வேண்டியவள் நான். எனக்கோ குசினி வாசலில் போன மானம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஓங்கி ஒரு அறை விட்டேன். இடது கன்னத்தில். அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்து எச்சிலோடு ரத்தம் வந்தது. பறிப்புண் உடைந்துவிட்டது என்று சொல்லி, அதே ஏரித் தண்ணீரால் துடைத்துக் கூட்டிவந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். இடது கன்னம் வீங்கி, பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. நான் அறைந்த அதே இடம்.

இங்கிருந்து நான் சொல்வதை நிதானமாக எழுதச் சொல்லியிருக்கிறேன். கன்னத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பிள்ளையைப் பற்றிய பயம் இல்லை. அவர் திரும்பி வந்தால் என்ன சொல்வார் என்ற பயம். 'சொன்னேன் இல்ல' என்று அவர் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவர் வர இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது. அதற்குள் வீக்கம் வடிந்துவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டில் வைத்திருந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

வேப்பிலையை ஒடித்து வந்து வாசலில் சொருகினேன்.

ஆத்தா வராத வீட்டில், வந்ததாகப் பொய் சொல்லி வேப்பிலை கட்டியவள் எங்கள் ஜனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மணல்வாரி திரும்பிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். தூரத்தில் கூழ்ச்சட்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஏரியில் யாராவது பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கண்ணால் கேட்டால், நான் பறிக்கயிற்றை இன்னும் இறுகக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் பறி இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

உள்ளே என் மகள் சுருண்டு கிடந்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். வீக்கம் கண்வரை ஏறியது. மூன்றாம் நாள் காலையில் கன்னத்தின் நடுவில் ஒரு கருநீலப் புள்ளி, புளியங்கொட்டை அளவு. தாடை இறுகி, வாய் திறக்க வரவில்லை. அப்பன் வந்ததும் 'அம்மா அடிச்சா' என்று சொல்லிவிடுவாளோ என்று இரண்டு நாளாக நான் பயந்துகொண்டிருந்தேன். அவளால் வாய் திறக்க முடியவில்லை என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஆமாம், நிம்மதி. இந்த இடத்தில் ஐயாவின் எழுத்தாணி நின்றது. இதை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பயணம் போய் வந்த உடம்பு, உள்ளே வரக்கூடாது. அவர் முறை தவறாதவர். கூரைக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, நைனா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். மகள் உள்ளிருந்து ஏதோ முனகினாள். திட்டில் பொறுக்கிய சின்னச் சின்ன வெள்ளைச் சோழிகளை ஓலைத் தட்டிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினார், அவள் விளையாட. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே உள்ளே வந்திருப்பார். நான் கட்டிய பொய் வேப்பிலை அவரை அன்று இரவு முழுக்க வெளியே உட்காரவைத்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சோழிகளை எடுத்து மகளின் கையில் வைத்தேன். அவள் விரலை மூடவில்லை.

அடுத்த நாள் மதியம் காற்று திரும்பியது. உள்ளே இருந்த நாற்றம் அவர் பக்கம் போயிருக்க வேண்டும். எழுந்து வந்து வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே நுழைந்தார். ஆத்தாளிடம் அவ்வளவு பயபக்தி உள்ள மனிதர், அதைச் செய்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். கறுப்பு அப்போது ஒரு கிளிஞ்சல் அகலத்துக்கு வந்திருந்தது.

"இது மணல்வாரி இல்லியே. இன்னா ஆச்சி?"

"பறிப்புண்ணு" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டையைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

குசினிக்காரி பின்வாசலில் எங்களைக் கண்டதும் நாற்றம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "அன்னிக்கி இறா இல்லியா நாறுனது" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கோட்டை வைத்தியரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தாள். ஒல்லாந்துக்காரர், வயதானவர், நடுங்காத கை. நாங்களே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாற்றத்துக்கு அவர் குனிந்து, இன்னும் கிட்டே போய், மூங்கில் குச்சியால் உதட்டை விலக்கிப் பார்த்தார். பரங்கிப் பாஷையில் அவர் சொன்னதைக் குசினிக்காரி எங்களுக்குச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் ஏழைப் புள்ளைங்களுக்கு இது வருதாம். தண்ணிப் புத்துனு சொல்வாங்களாம். அம்மை கிம்மை வந்துச்சானு கேக்குறாரு."

வந்தது என்றார் என் வீட்டுக்காரர். என்ன தின்றாள் என்று வைத்தியர் கேட்டார். கீரை, கிழங்கு. கன்னம் வீங்கி எத்தனை நாள் என்று கேட்டார். அது எனக்கான கேள்வி.

"நேத்துலேர்ந்து" என்றேன்.

வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார். பாஷை தெரியாதவருக்கும் அது பொய் என்று தெரிந்துவிட்டது. நான்கு நாளாவது இருக்கும் என்று அவர் விரலை விரித்துக் காட்டினார். குசினிக்காரி அதைத் தமிழில் சொல்லவில்லை. எனக்காக விட்டுவிட்டாள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன், அடக்க முடியவில்லை. "அடி கிடி பட்டா இது வருமா?"

வைத்தியர் இல்லையென்று தலையை அசைத்தார். "அடியாலலாம் வராதாம்" என்றாள் குசினிக்காரி. "அம்மை வந்து போன ஒடம்பு, வவுத்துல ஒண்ணியும் இல்ல, வாயி உள்ளாற அழுவ ஆரம்பிச்சிடுமாம். யாரும் ஒண்ணியும் செஞ்சி வர்றது இல்லியாம்."

முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது எனக்கு. அழுகை வந்தது. அதற்குள் அவர் இன்னும் ஏதோ சொன்னார், அவள் அதையும் சொன்னாள்.

"வீங்கன அன்னிக்கே தூக்கினு வந்திருந்தா, வாயக் கயுவி, பாலு முட்டை குட்த்து, கன்னத்த நிறுத்தியிருக்கலாமாம். இப்போ கன்னம் போயிடுமாம். உசுரு நிக்கிதானு பாப்போம்ன்றாரு."

என் அறை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த அறையை மறைக்க நான் எடுத்துக்கொண்ட நாட்கள்தான் அவள் கன்னத்தைத் தின்றன. இத்தனை வருஷமாக நான் எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று கேட்டால் இதுதான். வெறும் அடித்த பாவமாக இருந்திருந்தால் ஆத்தா கோயிலில் கற்பூரம் ஏற்றித் தீர்த்திருப்பேன்.

குசினிக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் நாற்பது நாள் இருந்தோம். வைத்தியர் புளித்த காடியால் வாயைக் கழுவினார், கறுத்ததைக் கத்தரித்து எடுத்தார், தேனில் நனைத்த துணி வைத்தார். குசினிக்காரி முட்டையைப் பாலில் அடித்து, துணியைத் தோய்த்துப் பல்லிடுக்கில் பிழிவாள். பத்தாம் நாள் கன்னத்தில் ஓட்டை விழுந்து, மூடிய வாயிலேயே பக்கத்துப் பல் எல்லாம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்ப்பதுதான் எனக்குத் தண்டனை என்று. உயிர் நின்றது. இந்த வியாதியில் பத்துப் பிள்ளையில் ஒன்று நிற்பதே அபூர்வம் என்று வைத்தியர் சொன்னாராம்.

குடிசைக்குத் திரும்பியபோது ஜனம் திரண்டு வந்து நின்றது. மணல்வாரி திரும்பி வந்த வீடு என்றுதான் அவர்களுக்குத் தெரியும். நடுவில் கோட்டைக்குப் போனதையெல்லாம் அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு கிழவர் என் மகளின் முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா முத்தம் குட்த்துட்டுப் போயிருக்கா" என்றார். அதோடு என் பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பேய் என்று ஒதுக்குவார்கள் என்று பயந்திருந்தேன்; கும்பிடுகிறார்களே, கும்பிடட்டும் என்று விட்டேன். மகளுக்குக் கிடைத்த கும்பிடைக் கெடுக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரரும் விட்டுவிட்டார். அடித்ததையும் மறைத்ததையும் அவர் இறக்கும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.

என் மகள் வளர்ந்தாள். தாடை ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அவளால் பறியைக் கடிக்க முடியாது. கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தடவுவாள். பேச்சு எங்களுக்குப் புரியும், வெளியாருக்குப் புரியாது. முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்வாள். ஆனால் யார் வீட்டில் அம்மை வந்தாலும் தண்ணீர் ஊற்ற அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே மட்டும் முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். ஐந்து வயதில் நடந்தது அவளுக்கு நினைவில்லை. அறை நினைவில்லை, விறகுக் கொட்டகை லேசாக நினைவிருக்கிறது. ஆத்தா முத்தம் கொடுத்ததும், அம்மா வேப்பிலை கட்டிக் காப்பாற்றியதும்தான் அவளுக்குத் தெரிந்த கதை. அந்தக் கதையை ஊர் சொல்லிக் கொடுத்தது. நான் மறுக்காமல் கொடுத்தேன்.

போன மாதம் உப்பங்கழிக்கு அந்தப் பக்கக் குடிசையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று வயதுப் பையன், மணல்வாரி வந்து போன பிள்ளை. துணைக்கு நானும் போனேன். வேப்பிலையைத் தாண்டி உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமானாலும் எனக்கு அந்த நாற்றம் மறக்காது. எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, கன்னம் லேசாகத்தான் வீங்கியிருந்தது. கறுக்கவில்லை. கோட்டை நடக்கிற தூரம். பழைய வைத்தியர் கடலுக்கு அப்பால் அவர்களுடைய பத்தாவிக் கோட்டைக்குக் கப்பலேறிவிட்டார், ஆனால் வேறொருவர் வந்திருக்கிறார்.

"கோட்டைக்குத் தூக்கினு போலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆத்தா உள்ளாற இருக்கும்போது எங்கம்மா தூக்கினு போறது? என்னிய நீ வேப்பல கட்டி வெச்சிதானே காப்பாத்தின?"

பையனின் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "முந்தாநாளுதான் இவன அடிச்சேன்க்கா. அதான் ஆத்தாவுக்குக் கோவம். என் கையாலதான் இப்டி ஆச்சி."

என் மகள் அவள் தோளைத் தொட்டாள். அந்தக் குறுகிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அழுவாத. எங்கம்மா என்னிய ஒரு அடி அடிச்சதில்ல. அப்பவும் ஆத்தா வந்தாளே. அடிச்சதுக்கோசரம் வர்றது இல்ல இது."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நான் அடித்தேன், மறைத்தேன், அது ஆத்தா இல்லை, கோட்டைக்கு ஓடு என்று நாலு வார்த்தை. அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதை உலகத்தில் என்னைவிடத் தெரிந்தவள் கிடையாது. என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. அவளுக்கு இருக்கிற ஒரே மரியாதையை நான் எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை. அவள் அப்பனின் கண் அவளுக்கு.

அன்று என் வாயில் பறி இல்லை. பேசாமல் இருந்ததற்கு அந்தச் சாக்குகூட எனக்குக் கிடையாது.

பையன் ஆறாம் நாள் போய்விட்டான். அவன் தாய் இன்னும் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அடுத்த நாள்தான் நண்டை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தேன்.

இந்த ஓலையை என் மகளுக்குப் படித்துக் காட்ட ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். நேரில் சொல்லிப் பார்த்தேன், இரண்டு முறை வாயைத் திறந்து வேறு ஏதோ பேசிவிட்டேன். அதனால் அவர் கரையில் உட்கார்ந்து படிப்பார், நான் ஏரியில் நிற்பேன். கோழைத்தனம்தான், ஐயாவே சொன்னார். முதலில் படிக்க வேண்டியது இது: அம்மை வந்து போன பிள்ளைக்கு வாய் நாறி எச்சில் ஒழுகினால் வேப்பிலை கட்டாதே, அன்றைக்கே கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, கூப்பிடுகிற வீட்டிலெல்லாம் அதைச் சொல், நீ சொன்னால் கேட்பார்கள். அதற்குப் பிறகு மற்றதைப் படிக்கட்டும். கழிக்கு அந்தப் பக்கம் போய் அந்தப் பெண்ணிடம் அவள் கை செய்தது இல்லை என்று சொல்ல வேண்டியது நான். அதை யாரிடமும் கொடுத்து அனுப்பப் போவதில்லை.

தூரமாகப் போய் நிற்கமாட்டேன். அவளால் கத்திக் கூப்பிட முடியாது, வாய் அவ்வளவு திறக்காது. அதனால் குரல் கேட்கிற தூரத்தில், முழங்கால் தண்ணீரில்தான் தடவிக்கொண்டிருப்பேன். அவள் கூப்பிட்டால் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் சொல்வேன்.